புறங்கை

“தீபிகா, டாக்டருக்கு இந்தக் கேள்வியை எழுதினது நீதானே?”

சுப்பராமன் குரலை உயர்த்தவில்லை. அவர் குரல் இறங்கும்போதுதான் பாண்டி பஜாரில் இருந்த அந்த மாடி அலுவலகத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“ஆமா சார்.”

“படி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

தீபிகா எழுந்து நின்று கணினித் திரையைப் பார்த்துப் படித்தாள். “இரு கைகளிலும் ரத்தக்கட்டு. நோயாளியை அவருடைய கணவர் அடித்தாரா?”

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவர்கள் வேலை. கையில் ரத்தக்கட்டு என்றால் அதற்கு ஒரு குறியீடு; அவர்கள் பேச்சில் ‘கோட்’. விழுந்ததாலா, கதவில் நசுங்கியதாலா, ஒருவர் அடித்ததாலா என்பதற்குத் தனியாக இன்னொன்று. குறிப்பில் காரணம் இல்லையென்றால் டாக்டருக்கு எழுதிக் கேட்கலாம். அப்படிப் போகும் கேள்விகளைச் சரிபார்ப்பவர் சுப்பராமன்.

“புருஷன் அடிச்சான்னு குறிப்புல இருக்கா?”

“இல்ல சார். ஆனா ரெண்டு புறங்கையும் கன்னிப்போயிருக்குன்னு இருக்கு. கீழ விழறவங்க உள்ளங்கையைத்தானே சார் ஊனுவாங்க? அடிக்கு மூஞ்சியை மறைச்சாத்தான் புறங்கையில படும்.”

“நீ நினைக்கறது சரியாவே இருக்கலாம். ஆனா, கேள்விக்குள்ள பதிலை வைக்கப்படாது. ‘எப்படி அடிபட்டது?’ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிண்டு காத்துண்டிரு. பதிலை நாமே எடுத்துக் கொடுத்தா, மனுஷா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவா. அந்த ஆமாவுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.”

“அந்தம்மா பாவம் சார்.”

“பாவத்துக்கு நம்மகிட்ட கோட் இல்லை. உட்காரு.”

தீபிகாவின் கணக்கில் ஒரு பிழை ஏறியது. “கல்லுடா சாமி!” என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழாமல் இல்லை. முறை முறைதான் என்று எண்ணிக்கொண்டார்.

மாலையில் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் மகள் வர்ஷினியின் செருப்பு கிடந்தது. ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகி அடையாறுக்குப் போனாள்.

“வாடி குழந்தே! என்ன, சொல்லாம கொள்ளாம?”

“சும்மாத்தான்ப்பா. கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம்னு.”

காபி டம்ளரை நீட்டினாள். வாங்கப் போன அவர் கை பாதியில் நின்றது. அவளுடைய இரண்டு புறங்கைகளும் நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தன.

சமையலறையில் அவர் மனைவி நீரஜா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். அவளும் இன்னும் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

‘எப்படிம்மா?’ என்ற சொல் அவர் நாக்கு நுனி வரை வந்தது. தலைதீபாவளிக்குப் பட்டு எடுத்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டாரை அழைத்தாகிவிட்டது. உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

“இது என்னம்மா, புதுக் கார்க் கதவுல நசுக்கிண்டியா?”

கல்யாணத்தில் அவரே வாங்கிக் கொடுத்த கார்.

வர்ஷினி அவரையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமாம்ப்பா.”

“அதானே பார்த்தேன்! அந்தக் கதவு கனம். பார்த்து ஏறப்படாதோ?”

காபி பேஷாக இருக்கிறது என்றும் சொன்னார். நீரஜா மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு மாப்பிள்ளை கிரீஷ் வந்து சேர்ந்தான்.

“ஆத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்காம வந்துட்டா மாமா. அம்மா தவிச்சுப்போயிட்டா.” மனைவியின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தான். “இங்க வந்து ஏதாவது சொன்னாளா?”

“சொன்னாளே! கார்க் கதவுதானே மாப்பிள்ளை?”

கிரீஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

“ஆமா மாமா, கார்க் கதவேதான்! இவளுக்குக் கவனமே போறாது.”

“அப்பா, நான் இன்னிக்கு மட்டுமாவது...”

“தலைதீபாவளிக்கு வரத்தானே போறே? மாப்பிள்ளையே அழைச்சுண்டு போக வந்திருக்கார். கிளம்பும்மா.”

எதிர் பால்கனியில் இருந்தவர்கள் புதுத் தம்பதியை வேடிக்கை பார்த்தார்கள். வாசலில் நின்ற புதுக் காரில் கிரீஷ் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தான். வர்ஷினி குனிந்து அப்பாவை நமஸ்கரித்துவிட்டு எழுந்தாள்.

“தீர்க்க சுமங்கலியா இரு” என்று சொல்லி, அவள் தலையில் வைப்பதற்காகச் சுப்பராமன் கையை உயர்த்தினார்.

அவள் கைகள் இரண்டும் சட்டென்று எழும்பி முகத்தை மூடிக்கொண்டன. தெருவிளக்கு வெளிச்சத்தில், கன்றிப்போன புறங்கைகள் அவர் கண்ணுக்கு நேரே நின்றன.

உயர்த்திய கை அப்படியே இருந்தது.

“வர்ஷினி... கார்க் கதவுன்னியேம்மா?”

அவள் கைகளை மெல்ல இறக்கினாள்.

“நான் சொல்லலைப்பா. நீங்கதான் சொன்னேள்.”

அவள் ஏறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஹாரன் அடித்தது. “அப்பாவும் பொண்ணும் அங்க என்ன ரகசியம் மாமா?”

“ஒண்ணுமில்லை மாப்பிள்ளை” என்றார் சுப்பராமன்.

வர்ஷினி ஏறி உட்கார்ந்தாள். அவள் கை நசுங்கிவிடாதபடி மிகவும் கவனமாக, கார்க் கதவை அவரே சாத்தினார்.