கறுக்காத துண்டு

தைல மர இலையைக் கொதிகலனில் கொட்டி, ஆவியில் எண்ணெய் இறக்குவது என் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் வாசம் கையை விட்டுப் போகாது. "உங்க கை பட்டா பச்சத்தண்ணிகூட தைலமாயிடுது" என்று என் மனைவி முகம் சுளிப்பாள்.

அவள் கடைசியாகச் சாப்பிட்டது நான் நறுக்கிக் கொடுத்த ஆப்பிள். ஒரு கடி கடித்தாள், மீதியை அப்புறம் தின்கிறேன் என்று தட்டில் வைத்தாள். அதற்குள் போய்விட்டாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்தத் துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"தூக்கிப் போடுங்கப்பா, பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

வேலையிடத்தில் எண்ணெயைச் சோதிக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"பழத்தைக் கறுக்க வைக்கிற நொதியை நம்ம எண்ணெய் தடுக்குதுண்ணே. ஆனா சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். எண்ணெய் படாத துண்டு ஒண்ணைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

தடுக்கிறது என்ற சொல் என்னைத் தைத்தது. என் கைதான் அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதோ?

மகளிடம் இன்னொரு ஆப்பிளை நறுக்கச் சொன்னேன். அவள் நீட்டியதை என் கை படாமல் அவள் கையிலிருந்தே ஒரு கடி கடித்தேன். தன் அம்மாவின் துண்டுக்குப் பக்கத்தில் அவளே வைத்தாள். என் துண்டு கறுத்தால் எல்லாம் எண்ணெயின் வேலை என்று மனதைத் தேற்றி, இரண்டையும் எறிந்துவிடலாம் என்றிருந்தேன்.

காலையில் என் துண்டு கறுத்துத்தான் கிடந்தது.

"பார்த்தீங்களா, எண்ணெய்தான்" என்று தட்டைத் தூக்கிய மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் கடித்ததை ஒட்டி இன்னொரு கடி இருந்தது. என் மனைவிக்கு விழுந்துபோன முன்பல்லின் இடைவெளி அதில் தெரிந்தது. அந்த இடம் மட்டும் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.