சிலிர்த்த முள்ளுக்கு ஒரு வாசல்

வளை தோண்டுவதில் பெருச்சாளியை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளில்லை. முள்ளம்பன்றிக்கென்று ஒரு வளையை இழைத்து இழைத்துத் தோண்டிக் கொடுத்தது. மறுநாளே முள்ளம்பன்றி வந்து நின்றது.

"தம்பி, வீடு அழகுதான். ஆனா நேத்து நரி துரத்துச்சு, உள்ள நுழைய முடியல. புதருக்குள்ள பூந்து தப்பிச்சேன்."

பெருச்சாளிக்குச் சுருக்கென்றது. "உங்களை நிக்கவெச்சு அளவெடுத்துத்தானே தோண்டினேன்! நுழையத் தெரியலன்னா நான் என்ன பண்றது?"

முள்ளம்பன்றி திரும்பிப் போய்விட்டது. அது உதிர்த்த முட்கள் வாசலில் கிடந்தன. பெருச்சாளிக்கு மனசு கேட்கவில்லை. நரி துரத்தினால் அக்கா எப்படி ஓடி வரும்? முட்களைப் பொறுக்கி, பயத்தில் சிலிர்த்ததுபோல முதுகில் விரித்துக் கட்டிக்கொண்டது. நரி பின்னால் வருவதாக நினைத்து ஓடிவந்து முள்ளம்பன்றியின் வளைக்குள் பாய்ந்தது.

பாதியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வால் மட்டும் வெளியே ஆடியது.

காலடிச் சத்தம் கேட்டது. "யாரது, என் வீட்டு வாசல்ல?"

"நான்தான் அக்கா. நரி இந்நேரம் என்னைத் தின்னு முடிச்சிருக்கும். வாலைப் பிடிச்சு இழுத்து விடுங்க, வாசலைப் பெரிசாக்கணும்."