அண்ணனுடன் ஒரு புத்தகம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில், தன் அறைத்தோழர் சேதுபதியின் போனைத் திறந்தான் சரவணகுமார். குறிப்பெழுதும் ஆப்பில், சேதுபதி தன் புத்தகங்களின் அட்டைகளைப் படமெடுத்து அலமாரி போல வரிசையாக அடுக்கியிருந்தார். ஊரிலிருந்த அவர் மனைவி நாகவள்ளிக்கு அந்தத் திரையைத் தன் போனின் வீடியோ காலில் காட்டினான்.

"நாளைக்கு ஃப்ளைட், அண்ணி. அண்ணன்கூட ஒரு புத்தகம்தான் அனுப்ப முடியும்னு சொல்லிட்டாங்க. எதை வைக்கட்டும்?"

"எல்லாத்தையும் கொண்டாந்து நம்ம வீட்டுல அடுக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றாள் அவள். "அது என்ன பச்சைப் புள்ளி?"

"படிச்சு முடிச்சதுக்கெல்லாம் பச்சை. மஞ்சள் ஒண்ணே ஒண்ணுதான். அதைப் பாதி வரைக்கும் படிச்சிருக்கார்."

நாகவள்ளி போனை முகத்தருகே கொண்டுவந்து அந்த அட்டையைப் பார்த்தாள்.

"அதையே வைங்க, தம்பி. மிச்சத்தை நான் வாசிச்சுக் காட்டுறேன்."

சரவணகுமார் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். தூசியைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கிளம்பினான். பெட்டியை மூடி ஆணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.