காற்றுமணியும் மிளகாய் வற்றலும்

வீட்டுக்கு நல்ல சக்தி வருமென்று கோமளா ஒரு ஃபெங் சூயி காற்றுமணி வாங்கி ஜன்னலோரம் மாட்டினாள். ஒரு வாரமாகியும் அது அசையவில்லை.

“இன்னைக்கும் சத்தம் வரலைன்னா பரண்ல தூக்கிப் போட்டுடுவேன்” என்றாள்.

மணி பதறிப்போனது. “ஜன்னலண்ணே, கொஞ்சம் திறங்களேன்!”

“கொசு வரும்னு என்னைச் சாத்தி மூணு வருஷமாச்சு தம்பி.”

அடுப்படியில் மிளகாய் வற்றல் சிரித்தது. “பொறுங்கடா, அக்கா பாத்துக்கறேன்” என்று காய்ந்த எண்ணெயில் குதித்தது.

நெடியேறி வீடே இருமியது. கோமளா ஓடிவந்து ஜன்னலைப் படாரென்று திறந்தாள். காற்று நுழைந்தது, மணி கலகலவென்று ஆடியது.

“பாத்தீங்களா, மணி அடிச்சதும் வீடே லேசாயிடுச்சு!” என்று கண்ணீரைத் துடைத்தபடி கணவனிடம் பெருமையடித்தாள். கையோடு, கொசு வருமே என்று ஜன்னலைச் சாத்தினாள்.

மணி மெல்ல மிளகாய் டப்பாவைக் கேட்டது: “உள்ளே இன்னும் எத்தனை அக்கா இருக்கீங்க?”