பதினேழாம் நம்பர் குடிகாரர்

"ஹா..."

நாற்பது வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் ஷஹீன் பானுவின் காதை விட்டுப் போகவில்லை. முப்பது ஆண்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து விட்ட மூச்சு அது.

அதுதான் அவள் உத்தியோகம். ஆம்பூரில் டாக்டர் கிருஷ்ணராஜ் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில், குடிகாரர்களின் வாயை முகர்ந்து பார்த்து, வாடை உண்டா இல்லையா என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் அம்மா, "பல் ஆஸ்பத்திரில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

1978. மதுவிலக்குக் காலம். சட்டப்படி ஊரில் குடிப்பவனே கிடையாது. டாக்டருக்கு மட்டும் முப்பது பேர் கிடைத்தார்கள். நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுக்கிற இதய மாத்திரை, குடிக்கிற ஆசையையும் அடக்குமா என்று அவர் சோதித்துக்கொண்டிருந்தார். வியாழன்தோறும் ஒரு வாரத்து மாத்திரை இலவசம்.

குடிக்காதவனுக்கு ஒரு மாத்திரைகூடக் கிடையாது. மூன்று மாதம் வாடை இல்லாமல் வந்தால் 'குணம்' என்று எழுதி அனுப்பிவிடுவார். மாத்திரை நின்றுவிடும்.

எட்டு மாதத்தில் பத்தொன்பது பேர் குணமானார்கள். பத்துப் பேர் ஓடிப்போனார்கள். மிஞ்சியது பதினேழாம் நம்பர் சுப்பராயன். டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். வயது ஐம்பது.

"வெக்கமா இல்லையா சுப்பராயன்? பொண்ணு வயசுல ஒருத்தி உங்க வாயை மோந்து பாக்கறா" என்பார் டாக்டர்.

"இருக்குது சார்" என்பார் சுப்பராயன். வெட்கமா, வாடையா என்று தெரியாது.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் வேலூர் போயிருந்தார். முப்பது பேர் இருந்தபோது எல்லா வாடையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இப்போது சுப்பராயன் ஒருவர்தான். ஷஹீன் பானு நிதானமாக முகர்ந்தாள்.

"இன்னொரு தரம் ஊதுங்கண்ணா."

"ஹா..."

மூச்சில் காபி வாசனை. காலரில் சாராயம்.

சட்டைதான் குடித்திருந்தது. ஆள் குடிக்கவில்லை.

"இன்னாண்ணா இது? சட்டையில ஊத்திக்கினு வந்திருக்கீங்க?"

சுப்பராயன் தரையைப் பார்த்தார்.

"அப்ப மாத்திரைய இன்னா பண்றீங்க? விக்கிறீங்களா?"

"டாக்டர்கிட்ட சொல்லிடாதம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"விக்கிறீங்களான்னு கேட்டேன்."

அவர் நீட்டிய வெறும் டப்பாவை அவள் நிரப்பவில்லை. "நாளைக்கு டாக்டர் வந்ததும் சொல்லத்தான் போறேன்" என்றாள். அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்தால், நிஜமாகவே குடித்தவர் நடை போலிருந்தது.

மறுநாள் காலை, டாக்டர் வருவதற்குள் ஓர் அம்மாள் தடதடவென்று மாடியேறி வந்தாள்.

"இதான் குடிகாரங்களுக்கு வைத்தியம் பாக்கற எடமா?"

"நீங்க யாரும்மா?"

"தாயாரம்மா. சுப்பராயன் சம்சாரம். நல்லா பாக்கறீங்க வைத்தியம். கல்யாணம் ஆயி இருவத்தஞ்சு வருசத்துல அந்த மனுசன் ஒரு சொட்டு தொட்டதில்ல. ஒங்க ஆஸ்பத்திரிக்கு வந்துதான் கத்துக்கினாரு. வியாழக்கிழமையானா நாறிக்கினு வர்றாரு. பொண்ணு கேட்டு வந்தவங்க, மாமனாரு குடிகாரனாமேன்னு திரும்பிப் போய்ட்டாங்க. இன்னாத்துக்குங்க அந்தப் பாழாப்போன மாத்திரை? நிறுத்துங்க."

"அம்மா, அவரு குடிக்கவே..."

"இரு, நான் சொல்லி முடிச்சுக்கறேன். வந்ததுக்கு இன்னொரு வேலையும் இருக்குது." தாயாரம்மாள் பையைத் துழாவி ஒரு டப்பாவை எடுத்தாள். "இந்த சத்து மாத்திரை இங்க கெடைக்குமா? டேனரில இந்த வாரம் குடுக்கலயாம்."

டப்பா காலி. மூடியில் 17 என்று எழுதியிருந்தது. எழுதியது ஷஹீன் பானு.

"இது... யாரு குடுத்தாங்க?"

"அவருதான். வேல செய்றவங்க வூட்டுக்கெல்லாம் குடுக்கறாங்களாம். போன வருசம் என்னை வேலூர்ல காட்டினாரு. அங்க இருந்த டாக்டரு இவர மட்டும் தனியாக் கூப்புட்டுப் பேசினாரு. வெளிய வந்து, ஒனக்கு ரத்தம் கம்மி, அவ்ளோதான்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. எங்க அக்கா இருந்தா பாரு, நெஞ்சுல கோளாறுன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கே பயத்துல போய்ட்டா. எனக்கு அதெல்லாம் இல்ல, சோளிங்கர் தாயாரு புண்ணியம். இத்த முழுங்கினப்புறம் படபடப்பே இல்ல. பாரு, மாடி ஏறி வந்து எவ்ளோ கத்தறேன்."

ஷஹீன் பானு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாவோ சொல்ல வந்தியே? அவரு குடிக்கவே...?"

"குடிக்கவே பொறந்தவரும்மா" என்றாள் ஷஹீன் பானு. "லேசுல விட மாட்டாரு. நாளாவும்."

"நெனச்சேன்."

அவள் டப்பாவை வாங்கி நிரப்பினாள். டாக்டர் வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் இரண்டு மாத்திரை கீழே விழுந்தது. தாயாரம்மாள் குனிந்து பொறுக்கிக்கொண்டாள், சத்து வீணாகக் கூடாது என்று.

டாக்டர் வந்தார். "நேத்து பதினேழு எப்படி?"

"வாடை இருக்கு சார். ஜாஸ்தியாவே இருக்கு."

டாக்டர் எழுதிய கட்டுரையில், மருந்துக்கு அடங்காத ஒரே குடிகாரர் என்று பதினேழாம் நம்பருக்குத் தனியாக ஒரு பாரா இருந்தது. அவரையும் திருத்தாமல் விடுவதில்லை என்று டாக்டர் வீம்பு பிடித்ததில், அவர் ஒருவருக்காகவே சோதனை நீண்டுகொண்டு போனது. சுப்பராயன் மகளுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை அமைய மூன்று வருஷம் ஆயிற்று.

1989 மார்ச்சில் தாயாரம்மாள் காலமானாள். அந்த வாரத்தோடு சுப்பராயன் குடியை விட்டுவிட்டார்.