எந்தப் பதி?

இருளர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் கேட்பது ஊரைத்தான்: "எந்தப் பதி?" பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இயக்குநராகிப் பல வருடங்கள் ஆகியும் ரங்கிக்கு அதைக் கேட்க அங்கே ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அதனால்தான் பழங்குடி ஆராய்ச்சி இயக்குநர்களின் மாநாட்டுக்கு அழைப்பு வந்ததும், எல்லோருக்குமாக வறுத்த மொச்சையைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேறு ஒன்பது பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறார்களாம். ஒருவராவது இருளராக இருக்கமாட்டாரா?

அரங்கின் கதவைத் திறந்தாள். வட்ட மேசையைச் சுற்றி ஒன்பது ரங்கிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

மாநாட்டை ஏற்பாடு செய்த ஹேமலதா ஓடிவந்தாள். "உங்க வேலைப்பளுவைக் குறைக்க உங்களையே ஒரு நகல் எடுத்துக்கச் சம்மதிச்சீங்களே மேடம், அதையே எல்லாரும் கேட்டு வாங்கிட்டாங்க. இப்ப எல்லாப் பல்கலைக்கழகத்துலயும் பழங்குடித் தலைமை இருக்கு!"

"வேற ஆளே கிடைக்கலையா?"

"தேட வேண்டிய அவசியமே வரலை மேடம்."

ரங்கி மொச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். நகல்கள் ஒன்றையொன்று ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தன. எல்லாம் நெல்லிமரப்பதி. இவள் முகமும் அதே முகம்தான். ஆனாலும் பக்கத்திலிருந்தவள் நம்பிக்கையை விடாமல் கேட்டாள்:

"நீங்க எந்தப் பதி?"

நெல்லிமரப்பதி என்று சொல்லத்தான் ரங்கி வாயைத் திறந்தாள். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களையும் பார்த்ததும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொன்னாள்.

"கல்லாத்துப்பதி."

ஒன்பது முகங்களும் மலர்ந்தன. பக்கத்திலிருந்தவள் நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா, இன்னொரு ஆள் வந்தாச்சு!"