சின்ன ரூமுக்கு வாங்க

“பெரியக்கா, டாக்டர் உங்களைச் சின்ன ரூமுக்கு வரச் சொல்றாரு.”

மருந்தாளர் இதைச் சொன்னபோது பெரியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். “தண்ணியை அவரே எடுத்துட்டுப் போனாருக்கா. மனசைத் தேத்திக்கோங்க.”

பெரியக்கா கையிலிருந்த ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சுகாதார நிலையத்தில் சின்ன அறைக்கு ஒரே ஒரு வேலைதான். கெட்ட செய்தி சொல்வது. விரலை எடுக்க வேண்டும், கட்டி சாதாரணக் கட்டி இல்லை என்பதையெல்லாம் வராந்தாவில் வைத்துப் போட்டு உடைக்கக் கூடாது என்று, மூத்த நர்ஸான பெரியக்காதான் சட்டம் போட்டிருந்தார்.

கதவைச் சாத்த வேண்டும். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீரும் டிஷ்யூ பெட்டியும் இருக்க வேண்டும். கேட்பவருக்குச் சுவரோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, தலை சுற்றினால் சாய்ந்துகொள்ள. சொல்பவருக்கு வெறும் ஸ்டூல். வசதியாக உட்கார்ந்தால் டாக்டர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

இன்றைக்கு என்ன செய்தி என்று பெரியக்காவுக்குத் தெரியும். நிலையத் தலைவர் பதவி. இத்தனை காலம் டாக்டர்களுக்கு மட்டும் என்று இருந்ததை இந்த வருடம்தான் நர்ஸ்களுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். இப்போதைய தலைவரான டாக்டர் பதவி உயர்வில் தலைமை அலுவலகத்துக்குப் போகிறார் என்று பேச்சு. அவர் மேஜையைக்கூடக் காலி செய்துவிட்டார், அவருடைய பூந்தொட்டி மருந்தாளரின் ஜன்னலுக்குக் குடிபோய்விட்டது.

பெரியக்கா மனு போட்டிருந்தார். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி, அடுத்த வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. இது கைநழுவினால், வெளியிலிருந்து வரும் இன்னொரு தலைவருக்கு, பஞ்சு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை ஏற்கெனவே மூன்று பேருக்குச் செய்து அலுத்தாயிற்று.

அறைக்குள் போனார். தண்ணீர் இருந்தது. டிஷ்யூ இருந்தது. டாக்டர் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘எத்தனை தடவை சொன்னாலும் இந்த மனுஷனுக்கு ஏறாது’ என்று நினைத்துக்கொண்டு, பெரியக்கா கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சிஸ்டர்…” என்று ஆரம்பித்தார் டாக்டர். ஊருக்கெல்லாம் பெரியக்கா என்றாலும் அவருக்கு மட்டும் சிஸ்டர். “எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சுத்தி வளைக்காதீங்க டாக்டர். வெளியாளைப் போட்டுட்டாங்க, அவ்வளவுதானே?”

“அது வந்து…”

“நான் பேசிடறேன். இன்னைக்கு விட்டா இனிமே பேச முடியாது.” பெரியக்காவின் குரல் ஏறியது. “நீங்க வந்த புதுசுல தடுப்பூசிப் பெட்டியை வெயில்ல வச்சுட்டு டீ குடிக்கப் போனீங்க. யாரு ஓடிப்போய் உள்ள எடுத்து வச்சது? மேலிடத்துல மூச்சு விட்டேனா?”

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

“குழந்தைக்கு ஊசி போடும்போது குழந்தைக்கு முன்னாடி நீங்க கண்ணை மூடிக்கிறீங்க. தலைமைப் பண்பு, தலைமைப் பண்புன்னு எங்களை உக்கார வச்சுப் படம் போட்டுக் காட்டினீங்க. அந்த மெஷினை ஆன் பண்ணத் தெரியாம முழிச்சப்போ யாரு வந்தா?”

“நீங்கதான்.”

“நீங்க மேல போறீங்க, நல்லா இருங்க. போற இடத்துலயாவது காலையில நேரத்துக்கு வாங்க. எனக்கு ஆத்திரமா வருது டாக்டர். ராப்பகலா உழைச்சவளை விட்டுட்டு எவனோ ஒருத்தனைக் கொண்டுவந்து தலையில கட்டறாங்களே, அவங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?”

மூச்சு வாங்கியது. டாக்டர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பேசாமல் கேட்க வேண்டும் என்பதும் பெரியக்காவின் சட்டம்தான். அதை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

“வேற ஏதாவது இருக்கா சிஸ்டர்?”

“இருக்கு. இப்போதைக்கு இது போதும்.”

“பதவி உங்களுக்குத்தான் வந்திருக்கு. காலையிலதான் போன் பண்ணிச் சொன்னாங்க.”

பெரியக்காவுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே தடுப்பூசிப் பெட்டி, மூடிய கண், மெஷின் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயையோ! அதைச் சொல்றதுக்கா இந்த ரூமு? வராந்தாவுலயே சொல்லியிருக்கலாமே! தண்ணியும் டிஷ்யூவும் வச்சு உயிரை எடுத்துட்டீங்களே டாக்டர். இதெல்லாம் யாருக்கு?”

டாக்டர் டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

“எனக்குத்தான். தலைமை அலுவலகத்துல என்னை வேணாம்னுட்டாங்க, வெறும் டாக்டரா இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. நாளையிலேருந்து உங்களுக்குக் கீழதான், மேடம்.”